பஸ்காவுக்கு முன் ஒரு சமையலறை: யூத சமயத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி, 2026 மார்ச் 2

யூத மதத்துக்குத் தமிழில் ஓர் அறிமுகம் தேடுகிறேன். கிடைப்பதெல்லாம் ஆபிரகாமில் ஆரம்பித்து இஸ்ரேல் அரசியலில் முடிகிறது. அவர்கள் தினமும் என்ன செய்கிறார்கள் என்பதே தெரியவில்லை. பைபிளில் பஸ்கா, புளிப்பில்லாத அப்பம் என்று படித்திருக்கிறேன். ஈஸ்ட் போடாத ரொட்டிதானே அது, அதற்கு ஏன் ஒரு மாத ஏற்பாடு? இன்னொன்று: 2024இல் ஈஸ்டர் மார்ச் 31, பஸ்கா ஏப்ரல் 22 இரவு. இரண்டும் சேர்ந்தல்லவா வரவேண்டும்?

2026 மார்ச் 2, இரவு

ஈஸ்ட் இங்கே பிரச்சினையே இல்லை. கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்து தானியங்களில் ஒன்றின் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் ஆனால் அது ஹமேட்ஸ், அதாவது புளித்தது. ஈஸ்ட் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். மாவு தானாகவே புளிக்கும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் இது.

பஸ்காவின் ஏழு நாளும் (இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள்) ஹமேட்ஸை உண்ணக்கூடாது. அதோடு முடியவில்லை. அதனால் எந்த ஆதாயமும் அடையக்கூடாது, மாட்டுக்குக்கூடப் போடக்கூடாது. உடைமையாக வைத்திருக்கவும் கூடாது. பன்றி இறைச்சியை ஒரு யூதர் உண்ணக்கூடாது, ஆனால் அது அவருக்குச் சொந்தமாக இருந்தால் பெரும்பிழை இல்லை. பஸ்காவில் ரொட்டித் துண்டு அலமாரியில் இருப்பதே பிழை. ஒரு மாத ஏற்பாடு இதனால்தான்.

2026 மார்ச் 3

"நம்பிக்கைகளை முதலில் சொல்லுங்கள், சமையல் பிறகு" என்று ஒருவர். சுருக்கமாகச் சொல்கிறேன். கடவுள் ஒருவர். அவர் இஸ்ரவேலரோடு உடன்படிக்கை செய்தார், சீனாய் மலையில் தோராவை, அதாவது திருச்சட்டத்தைக் கொடுத்தார். மெசியா இனிமேல்தான் வரவேண்டும். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் இவற்றை 13 கோட்பாடுகளாக அடுக்கினார். அந்தப் பட்டியல் சரியா என்றே பின்வந்தவர்கள் விவாதித்தார்கள், இன்றும் அது முடியவில்லை. ஆனால் எந்த மாவு புளித்தது என்பதில் இந்தியாவின் கொச்சியும் போலந்தின் கிராக்கோவும் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொன்னன. இந்தச் சமயம் தன்னைக் காத்துக்கொண்ட இடம் கோட்பாட்டுப் பட்டியல் அல்ல, நேரமும் அளவும் குறித்த செயல். அதனால்தான் அடுப்படியில் தொடங்கச் சொல்கிறேன்.

2026 மார்ச் 5

"அப்படியானால் சப்பாத்தியும் மட்ஸாவும் ஒன்றா?" நல்ல கேள்வி. மட்ஸா என்பது பஸ்காவின் புளிப்பில்லாத அப்பம். நம் வீட்டுச் சப்பாத்தி நான்கு இடத்தில் தவறுகிறது.

முதலாவது, மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு அரைமணி ஊறவைக்கிறோம். மட்ஸாவுக்கு அதுதான் செய்யவே கூடாதது.

அடுத்தது எண்ணெய். எண்ணெயும் முட்டையும் பழச்சாறும் கலந்தால் அது "செல்வ மட்ஸா". வேதம் கேட்பது "சிறுமையின் அப்பம்", மாவும் தண்ணீரும் மட்டும். உப்பும் போடுவதில்லை.

மூன்றாவதாக, நம் மாவு. பெரிய ஆலைகளில் அரைக்குமுன் கோதுமையை ஈரப்படுத்துவது வழக்கம். அந்த மாவு பஸ்காவுக்கு ஆகாது. செடர் இரவுக்கு, அதாவது பஸ்காவின் தொடக்க இரவு விருந்துக்கு உகந்த "ஷ்முரா" மட்ஸாவுக்கான கோதுமையை அறுவடையிலிருந்தே ஈரம் படாமல் காவல் காப்பார்கள். அரைத்த மாவு சூடாக இருக்கும் என்பதால் உடனே பிசையாமல் ஒரு நாளாவது ஆறவைப்பார்கள்.

நான்காவது உப்பல். நாம் உப்பினால்தான் நல்ல சப்பாத்தி என்கிறோம். மட்ஸா உப்பி மேல்தோலும் கீழ்த்தோலும் பிரிந்தால் அந்தப் பகுதியை விலக்க வேண்டும், உள்ளே வேகாத மாவு புளித்திருக்கலாம். மடிந்து ஒட்டிய இடமும் அப்படியே. தேய்த்த மாவின் மேல் முள் உருளையை ஓட்டி வரிசையாகத் துளையிடுவது இதற்காகத்தான், அழகுக்கல்ல.

ஏமன் யூதர்களும் ஈராக் யூதர்களும் இன்றும் மெத்தென்ற மட்ஸா சுடுகிறார்கள், பார்த்தால் ரொட்டி போலவே இருக்கும். மொறுமொறு என்று இருக்கவேண்டும் என்று சட்டமில்லை. வெந்ததா என்று பார்க்கும் முறை: பிய்த்தால் மாவு இழை இழையாக நீளக்கூடாது.

2026 மார்ச் 6

மார்ச் 2இல் 18 நிமிடம் பற்றி எழுதியது பாதி சரி, திருத்துகிறேன். அந்த 18 நிமிடம் மாவு *சும்மா கிடக்கும்* நேரம். யோசேப் காரோவின் 16ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பின்படி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தால் நாள் முழுவதும் ஆனாலும் புளிக்காது. கைவிட்டு ஒரு "மில்" தொலைவு நடக்கும் நேரம் கிடந்தால் புளித்துவிடும். அந்த நேரத்தை அவர் கால் மணியும் ஒரு மணியின் இருபதில் ஒரு பங்கும் என்று சொல்கிறார். 15ம் 3ம், 18.

இன்னொரு பக்கமும் உண்டு. கைச்சூடு ஏறிய மாவைக் கீழே வைத்தால் உடனேயே புளிக்கும் என்கிறார் அவரே. இரண்டையும் ஈடுகட்டத்தான் மட்ஸாக் கூடங்களில் தண்ணீர் ஊற்றியது முதல் கடைசி வட்டம் அடுப்புக்குள் போவது வரை மொத்தமாக 18 நிமிடம் என்று வைத்துக்கொண்டார்கள்.

கூடத்தில் அது இப்படி நடக்கும். மாவு ஓர் அறையில், தண்ணீர் வேறோர் அறையில். மாவை அள்ளுகிறவர் தண்ணீரைத் தொடமாட்டார். ஒரு தடவைக்குப் பிசையும் மாவு 43⅕ முட்டை அளவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒரு பகுதி கை படாமல் கிடந்துவிடும். பிசைந்ததும் துண்டாக்கிப் பலர் ஒரே நேரத்தில் தேய்ப்பார்கள். கையால் செய்யும் கூடத்தின் அடுப்பு கடும் சூடு, ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். சுற்று முடிந்ததும் மேசைத்தாள் மாறும், கட்டைகள் தேய்த்துச் சுத்தமாகும், எல்லாரும் கை கழுவுவார்கள், நகக்கண் வரை. பிறகுதான் அடுத்த சுற்று. பெரும்பாலும் தவறு நேர்வது அடுப்பு வாயில்: தேய்த்த வட்டங்கள் அதிகம் சேர்ந்து கழியில் தொங்கியபடி காத்திருக்கும். தேய்ப்பவர்களை வேகப்படுத்தி இதற்கு வழி காணமுடியாது, அடுப்பின் வேகத்துக்குத்தான் மாவைப் பிசையவேண்டும்.

இயந்திரம் 1838இல் அல்சாஸில் வந்தது. 1859இல் கிழக்கு ஐரோப்பாவின் கலீசியாவில் அதைப் பற்றிப் பெரும் சர்ச்சை மூண்டது. ரபி ஷ்லோமோ க்ளூகர் எதிர்த்தார், பற்சக்கரத்தில் ஒட்டும் மாவு புளிக்கும் என்றார். மட்ஸாக் கூலியை நம்பியிருந்த ஏழைகளின் பிழைப்பு போகும் என்றும் எழுதினார். ரபி யோசேப் சாவுல் நாதன்சோன் ஆதரித்தார். இரண்டு தரப்பையும் பின்பற்றுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஓரத்தில் நின்று பார்த்தால் க்ளூகரின் இரண்டாவது காரணமே என்னை அதிகம் தொடுகிறது.

2026 மார்ச் 8

தண்ணீரை மறந்துவிட்டேன். குழாயைத் திறந்து பிடிக்கும் தண்ணீர் ஆகாது. சாயங்காலம் மொண்டு, ஒரு இரவு முழுக்க குளிர்ந்த இடத்தில் வைத்து மறுநாள் பயன்படுத்தவேண்டும். வெதுவெதுப்பு மாவைப் புளிக்கவைக்கும்.

இதற்கு எபிரேயச் சொல் "மாயிம் ஷெலானு", இரவு தங்கிய தண்ணீர். அதே ஒலிக்கு "எங்களுடைய தண்ணீர்" என்றும் பொருள். யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தால்முத் சொல்கிறது: ராவ் மத்னா என்ற ஆசிரியர் பாபுனியா என்ற ஊரில் இதைப் போதித்தார். மறுநாள் ஊரே குடமும் கையுமாக வந்து "உங்கள் தண்ணீரைக் கொடுங்கள்" என்று வாசலில் நின்றது. இராத் தங்கிய தண்ணீரைத்தான் சொன்னேன் என்று அவர் அரமேயத்தில் விளக்கவேண்டி வந்தது. சட்ட நூலில் இதை ஏன் எழுதிவைத்தார்கள்? மக்களுக்குப் புரியும் மொழியில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அடுத்த ஆசிரியருக்குத் தெரியட்டும் என்றுதான் என நினைக்கிறேன்.

2026 மார்ச் 11

இட்லி மாவு ஹமேட்ஸா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. இழையின் மிகச் சிறந்த கேள்வி இதுதான், ஏனெனில் தால்முத்திலேயே அரிசிச் சண்டை இருக்கிறது.

யோகனான் பென் நூரி என்ற ஆசிரியர் அரிசியும் ஒரு தானியமே, அது புளிக்கும் என்றார். மற்றவர்கள் ஏற்கவில்லை. அரிசியில் தண்ணீர் பட்டால் நடப்பது "ஹிமுட்ஸ்" (புளித்தல்) அல்ல, "சிர்கோன்", அதாவது கெட்டுப்போதல் என்றார்கள். ராவ் ஹூனா பஸ்கா இரவில் பீட்ரூட்டோடு அரிசியையும் வைக்கச் சொன்னார் என்றே குறிப்பு உள்ளது. ஆக தால்முத்தின் முடிவுப்படி அரிசியும் உளுந்தும் பொங்கிய மாவு எத்தனை புளித்தாலும் ஹமேட்ஸ் ஆகாது.

பிறகு ஏன் ஐரோப்பிய யூதர்களான அஷ்கெநாசிகள் அரிசியைத் தொடுவதில்லை? 13ஆம் நூற்றாண்டு பிரான்சில் "கித்னியோத்" என்ற வழக்கம் ஏட்டில் ஏறுகிறது: அரிசி, பயறு, பருப்பு, கடுகு எல்லாம் விலக்கு. காரணம் மூன்று. இவை கோதுமை வயலுக்குப் பக்கத்தில் விளைந்து, அதே மூட்டையில் வரும், மணி கலந்துவிடும். மாவாக்கினால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. கூழாகக் காய்ச்சினாலும் ஒன்றுபோலிருக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஆல்டோனாவின் யாக்கோபு எம்டன் இதைக் கடுமையாக எதிர்த்தார், ஏழைக் குடும்பம் எதைத் தின்னும் என்று கேட்டார். 2015 இறுதியில் அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு, அஷ்கெநாசிகளும் உண்ணலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் அசையவில்லை.

ஸ்பெயின் வழிவந்த யூதர்களான செபார்திகளும் கீழைநாட்டு யூதர்களில் பலரும் அரிசி உண்பார்கள். ஆனால் மூன்று முறை பொறுக்கிய பிறகுதான். வெள்ளைத்துணியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, கோதுமை மணி ஒன்று கிடக்கிறதா என்று மணி மணியாகப் பார்ப்பார்கள். கொச்சி யூதர்களும் அரிசி உண்பவர்களே. பஸ்காவுக்கான அவர்களது கண்டிப்பு பெயர்பெற்றது.

இனி இட்லிக்குத் தொட்டுக்கொள்ள சாம்பார். அதில்தான் மாட்டிக்கொள்கிறோம். கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் தனிப் பிசின் அல்ல, கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்த கூட்டுப் பெருங்காயம். உறையின் பின்பக்கம் பாருங்கள். ரவை, சேமியா, கோதுமைத் தவிடு சொல்லவே வேண்டாம். அரிசி மாவை மிஷினில் அரைத்தால், முன்னால் அரைத்தது கோதுமையா என்று யாருக்குத் தெரியும்? 13ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர்கள் பயந்ததும் இதற்குத்தான்.

மற்ற நாட்களில் தவறிக் கலந்த விலக்குப் பொருள் அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் "இல்லாதது போல" ஆகும். பஸ்கா தொடங்கிய பின் ஹமேட்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஆயிரத்தில் ஒன்றும் கெடுக்கும். பண்டிகை தொடங்குவதற்கு முன்பே கலந்து கரைந்திருந்தால் அறுபதின் கணக்கு செல்லும். எனவே சாமான்களை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள்.

2026 மார்ச் 12

மேலே எழுதியதில் ஒரு முக்கியமான மறுபக்கம் விட்டுப்போயிற்று. "அரிசிதான் புளிக்காதே, அரிசி மாவில் மட்ஸா சுட்டால் கவலையே இல்லையே" என்று தோன்றும். அது செல்லாது. எது புளிக்கக்கூடியதோ அதில் மட்டுமே மட்ஸா செய்து கடமையை நிறைவேற்ற முடியும் என்று தால்முத் சொல்கிறது. புளிக்கும் இயல்புள்ள மாவைப் புளிக்கவிடாமல் காக்கிற அந்தக் காவலே மட்ஸா. ஆபத்தில்லாத மாவில் காவலுக்கு வேலையில்லை. கோதுமை ஒவ்வாதவர்களுக்கு ஓட்ஸ் மட்ஸா சுடுவதும் இதனால்தான். அரிசி அப்பளம் போதாது.

யூத சமயத்தை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் இந்த விதியைத்தான் காட்டுவேன்.

2026 மார்ச் 16

ஈஸ்டர் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன்.

எபிரேய மாதம் சந்திரன்வழி: 29 நாள் 12 மணி 793 பங்கு. ஒரு மணிக்கு 1080 பங்கு. பன்னிரண்டு மாதம் ஏறத்தாழ 354 நாள், சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. அப்படியே விட்டால் பஸ்கா குளிர்காலத்துக்குப் போய்விடும், ஆனால் வேதம் அதை வசந்த மாதத்தில் வைக்கிறது. அதனால் 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு கூடுதல் அதார் மாதம். தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கத்தின் அதிக மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுழற்சியில் 3, 6, 8, 11, 14, 17, 19ஆம் ஆண்டுகள் அவை.

2024 வசந்தம் எபிரேய ஆண்டு 5784. 19ஆல் வகுத்தால் மீதி 8, அதாவது கூடுதல் மாத ஆண்டு. திருச்சபை மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிற்றுக்கிழமையை எடுக்கிறது, 325இன் நைசியா சங்கத்துக்குப் பிறகு யூதக் கணக்கைக் கேட்பதில்லை. ஆகவே அவர்கள் மார்ச் நிலவை எடுத்தார்கள், யூதர்கள் ஏப்ரல் நிலவை. சுழற்சியின் 8, 11, 19ஆம் ஆண்டுகளில் இப்படி ஒரு மாதம் விலகும். அடுத்தது 2027: ஈஸ்டர் மார்ச் 28, பஸ்கா முதல் நாள் ஏப்ரல் 22. இந்த ஆண்டு நெருங்கி வருகின்றன: பஸ்கா ஏப்ரல் 1 இரவு, ஈஸ்டர் ஏப்ரல் 5.

பஸ்காவின் முதல் நாள் திங்கள், புதன், வெள்ளியில் வராது. புத்தாண்டையும் பாவநிவாரண நாளையும் சங்கடமான கிழமைகளில் விழாமல் தள்ளிவைப்பதன் விளைவு அது. இந்த நாட்காட்டியின் சராசரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஆறரை நிமிடத்துக்குச் சற்றே அதிகம். அதனால் 216 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பஸ்கா தாமதமாகிக்கொண்டே போகிறது. திருத்தும் அதிகாரமுள்ள பேரவை இன்று இல்லை.

வெளிநாட்டில் ஏன் எட்டு நாள்? முற்காலத்தில் எருசலேமில் பிறை கண்ட சாட்சியை விசாரித்து மாதத்தை அறிவித்தார்கள். தூதர் போய்ச் சேராத ஊர்கள் சந்தேகத்துக்கு இரண்டு நாள் வைத்துக்கொண்டன. கணக்கு நிலைத்த பிறகும் முன்னோர் வழக்கம் என்று அதை விடவில்லை.

2026 மார்ச் 20

பாத்திரங்கள். அடிப்படை விதி: எப்படி உள்வாங்கியதோ அப்படியே வெளிவிடும். எண்ணாகமம் 31இல் மீதியானியரிடம் கைப்பற்றிய பாத்திரங்களுக்குச் சொன்னதிலிருந்து எடுத்தது.

குழம்பு கொதித்த எவர்சில்வர் பாத்திரம் கொதிநீரில் சுத்தமாகும். நேரடி நெருப்பில் மாவு பட்ட கம்பியும் ரொட்டி சுட்ட தட்டும் தீப்பொறி பறக்கும்வரை காயவேண்டும். மண்சட்டிக்கு வழியே இல்லை. உறிஞ்சியதை அது முழுதும் விடுவதில்லை, எனவே கட்டி மேலே ஏற்றிவிடுவார்கள். கண்ணாடியில் செபார்திகளுக்குக் கழுவினாலே போதும், அஷ்கெநாசிகள் அதை மண்போலக் கருதுகிறார்கள்.

கொதிநீர் முறை: தேய்த்துக் கறை நீக்கு, 24 மணி நேரம் பயன்படுத்தாதே, தளதளவென்று கொதிக்கும் பெரிய அண்டாவில் முழுக்கு, எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசு. சொல்ல எளிது, தவறுவது இப்படி: கனமான பாத்திரம் இறங்கியதும் கொதி அடங்கிவிடும், மீண்டும் கொதிக்கும் முன் எடுத்துவிடுவார்கள். கரண்டிகளை ஒரு கொத்தாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிய இடத்தில் நீர் படாது. கைப்பிடி திருகாணி, கத்தியின் பிடி இவற்றின் சந்தில் பழைய அழுக்கு இருக்கும், அழுக்குக்குக் கொதிநீர் மருந்தல்ல. இடுக்கியால் பிடித்த இடம் விட்டுப்போகும், இடம் மாற்றிப் பிடிக்கவேண்டும். வசதி உள்ளவர்கள் இத்தனைக்கும் பதில் பஸ்காவுக்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொள்கிறார்கள்.

2026 மார்ச் 24

வரலாறு கேட்டவருக்கு.

எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் பஸ்கா என்றால் ஆட்டுக்குட்டி. எபிரேய மாதமான நிசானின் 14ஆம் நாள் பிற்பகலில் பலியிட்டு, அன்றிரவு குழுவாக, சுட்டு, எலும்பை முறிக்காமல், மட்ஸாவோடும் கசப்பான கீரையோடும் உண்டார்கள். கி.பி. 70இல் ரோமர் ஆலயத்தை அழித்தார்கள், பலி நின்றது. மிஷ்னா (கி.பி. 200ஐ ஒட்டித் தொகுத்த சட்ட நூல்) காட்டும் இரவு வேறு: நான்கு கிண்ணம் திராட்சரசம், பிள்ளையின் கேள்வி, தகப்பனின் பதில். ஆடு போன இடத்தில் உரையாடல் வந்தது. ஆட்டின் நினைவாகத் தட்டில் வறுத்த எலும்புத்துண்டு ஒன்று மட்டும். அன்று சுட்ட இறைச்சியை அஷ்கெநாசிகள் உண்பதும் இல்லை, பலி என்று யாரும் நினைத்துவிடக்கூடாதே.

ஆட்டைப் பலியிடுவோர் இன்றும் உண்டு: கெரிசீம் மலையின் சமாரியர்கள்.

வேதத்துக்கு வெளியே மிகப் பழைய சான்றுகளில் ஒன்று எகிப்தின் எலிபன்டைன் தீவில் கிடைத்த அரமேயப் பாப்பிரஸ், கி.மு. 419. அங்கிருந்த யூதப் படைக்குடியிருப்புக்கு அனனியா என்பவர் எழுதிய கடிதம்: நிசான் 15 முதல் 21 வரை, புளித்தது கூடாது. சிதைந்த தாள், எஞ்சிய வரிகளில் "பஸ்கா" என்ற சொல் இல்லை. எகிப்திலிருந்து விடுதலையைக் கொண்டாடும் பண்டிகைக்கு முதல் எழுத்துச் சான்று எகிப்திலிருந்தே வருகிறது!

அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை, அதனால் மட்ஸா என்று எல்லாரும் சொல்வார்கள். யாத்திராகமம் 12ஐ வரிசையாகப் படியுங்கள். 8ஆம் வசனத்திலேயே புறப்படுமுன் உண்ணும் இரவு உணவுக்கு மட்ஸா கட்டளையாகிவிட்டது. அவசரம் 39ஆம் வசனத்தில்தான் வருகிறது. கட்டளை முன்னே, காரணம் பின்னே.

2026 மார்ச் 29

இந்த வாரச் செயல்முறை. நிசான் 14 புதன்கிழமை, ஆகவே வீட்டில் ஹமேட்ஸ் தேடல் செவ்வாய் இரவு, மார்ச் 31.

நட்சத்திரம் தெரிந்ததும் ஆசி கூறி மெழுகுவத்தி, இறகு, மரக்கரண்டியோடு தொடங்கவேண்டும். ஆசிக்கும் தேடலின் தொடக்கத்துக்கும் நடுவே பேசக்கூடாது. ஒற்றைத் திரி விளக்கு வேண்டும், தீப்பந்தம் கூடாது: பந்தம் பொந்துக்குள் போகாது, வீடு பற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில் கண் தேடலில் இருக்காது. இன்று பலர் கைமின்விளக்கையும் ஏற்கிறார்கள். பத்துத் துண்டு ரொட்டியை முன்கூட்டி ஒளித்துவைக்கும் வழக்கம் உண்டு. தாளில் சுற்றி, வைத்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதுதான் கிடைத்தது, பத்தாவது எங்கே என்பது ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி.

தேடியபின் அரமேயத்தில் ஒரு வாக்கியம்: நான் காணாத ஹமேட்ஸ் எல்லாம் மண்தூசி போல உரிமையற்றதாகட்டும். அன்று மக்கள் பேசிய மொழி அரமேயம். புரியாமல் சொன்னால் செல்லாது, அவரவர் மொழியில் சொல்லலாம். இரவில் "காணாதது" மட்டும், ஏனெனில் காலை ரொட்டி இன்னும் தேவை. காலையில் எரித்தபின் "கண்டதும் காணாததும்".

நேரம்: பகலைப் பன்னிரண்டாகப் பிரி. சூரியன் 6:00க்கு எழுந்து 6:36க்கு மறைந்தால் பகல் 756 நிமிடம், ஒரு பங்கு 63. நான்கு பங்கு முடியும் 10:12 வரை உண்ணலாம், ஐந்து முடியும் 11:15க்குள் எரித்து வாக்கியமும் சொல்லியாகவேண்டும். அதற்குப் பிறகு அந்த ரொட்டி உங்களுடையதே அல்ல, உரிமை துறக்கவும் உரிமை இல்லை. உங்கள் ஊர் நேரத்தை உள்ளூர் அட்டவணையில் பாருங்கள். விடியலிலிருந்து எண்ணும் மரபும் உண்டு.

எரிக்க மனமில்லாத சரக்கு, கடை, ஆலை? விற்பனை. யூதரல்லாத ஒருவருக்கு எழுத்து ஒப்பந்தத்தில், முன்பணம் வாங்கி, பொருள் இருக்கும் இடத்தையும் வாடகைக்கு விட்டு, உண்மையாகவே விற்கவேண்டும். அவர் வந்து கதவைத் திறக்கச் சொன்னால் திறக்கவேண்டும், "திருப்பித் தந்துவிட வேண்டும்" என்று நிபந்தனை போட்டால் செல்லாது. நடுக்கடலில் கப்பலில் ஹமேட்ஸோடு இருக்கும் யூதர் சக பயணிக்கு விற்கலாம் என்று மிஷ்னாவின் துணைத் தொகுப்பான தோசெப்தாவில் உள்ள வரிதான் வேர். இஸ்ரேல் அரசின் கையிருப்பும் இப்படியே ஒரு அரபு இஸ்ரேலியருக்கு விற்கப்படுகிறது. விற்காமல் வைத்திருந்த யூதரின் ஹமேட்ஸ் பண்டிகை முடிந்த பின்னும் ஆகாது.

சென்ற ஆண்டு (2025) நிசான் 14 சனிக்கிழமை. ஓய்வுநாளில் எரிக்க முடியாது, தேடல் வியாழன் இரவுக்கு நகர்ந்தது. இனி 2045இல்தான் அப்படி வரும். இந்த ஆண்டு இஸ்ரேலுக்கு வெளியே வியாழன், வெள்ளி பண்டிகை, உடனே ஓய்வுநாள். வெள்ளியன்று சனிக்குச் சமைக்கவேண்டுமானால் புதனன்றே ஒரு ரொட்டியும் (மட்ஸாதான்) ஒரு சமைத்த உணவும் எடுத்துவைத்து "ஏருவ் தவ்ஷிலீன்" சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிடுவது இதைத்தான்.

2026 மார்ச் 31

பண்டிகை நாளில் சோபாவின் மெத்தைக்குள் பிஸ்கட் கிடைத்தால்? கையில் எடுக்காமல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி, முதல் நாள்களின் பண்டிகை முடிந்த இரவு எரிக்கவேண்டும்.

2026 ஏப்ரல் 1, காலை

இன்றிரவு. செடர் என்றால் ஒழுங்கு, பதினைந்து படி. எல்லாவற்றையும் எழுதவில்லை, அளவுகள் மட்டும்.

மட்ஸா ஒரு "கெசாயித்", ஒலிவப்பழ அளவு, இடையில் நிறுத்தாமல் சில நிமிடங்களுக்குள். பொதுவாக நான்கு என்கிறார்கள். ஒலிவம் எவ்வளவு? முட்டையில் பாதி அல்லது மூன்றிலொன்று. முட்டை எவ்வளவு? 18ஆம் நூற்றாண்டில் பிராகாவின் எசேக்கியேல் லாண்டாவ், கட்டைவிரல் அளவையும் முட்டை அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றுக்கு இரண்டாக விலகின. விரல் பெருத்திருக்காது, முட்டை பாதியாகச் சுருங்கியிருக்கவேண்டும் என்று முடிவு செய்து அளவை இரட்டித்தார். அதனால் இன்றும் ஒரு கிண்ணம் சிலருக்கு 86 மில்லி, சிலருக்கு 150 மில்லி. நான்கு கிண்ணத்துக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். திராட்சைச் சாறும் செல்லும், நோயாளிகள் தயங்கவேண்டாம்.

கசப்புக் கீரைக்கு முதலிடம் ரோமெய்ன் லெட்யூஸ். வடக்கு ஐரோப்பாவில் அந்தப் பருவத்தில் இலை முளைக்காது, அதனால் ஹார்ஸ்ராடிஷ் வேர். லெட்யூஸின் இலைமடிப்பில் பூச்சி இருக்கும், ஒவ்வொரு இலையாகப் பிரித்து ஊறவைத்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். ஹார்ஸ்ராடிஷைத் துருவி உடனே மூடிவைக்காவிட்டால் காரம் பறந்துவிடும். அதைத் தொட்டுக்கொள்ளும் ஹரோசெத் என்ற கலவை ஈராக்கில் பேரீச்சம்பாகு, போலந்தில் ஆப்பிளும் கொட்டைகளும்.

2026 ஏப்ரல் 5

தனிமடலில் ஒருவருக்கு "செடர் நூலான ஹக்கடாவில் மோசேயின் பெயரே கிடையாது" என்று எழுதியிருந்தேன். தவறு. வழக்கமான பதிப்புகளில் ஒரே ஒரு முறை உண்டு, யோசே ஹகலீலி என்ற பழைய ஆசிரியர் மேற்கோள் காட்டும் வசனத்தின் வாலில். விடுதலைக் கதையை அதன் தலைவரைச் சொல்லாமலே சொல்கிறார்கள் என்பது அப்படியே நிற்கிறது.

"சிவப்புத் திராட்சரசம்தானே சிறப்பு, பழைய ஐரோப்பாவில் வெள்ளை ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் கனமானது. 1144இல் இங்கிலாந்தின் நார்விச்சில் ஒரு சிறுவன் இறந்ததும் யூதர்மேல் கொலைப்பழி விழுந்தது. பின்னர் அது, மட்ஸாவில் கிறிஸ்தவக் குழந்தையின் ரத்தம் கலக்கிறார்கள் என்ற பழியாக ஐரோப்பா முழுக்கப் பரவியது. எத்தனையோ ஊர்களில் பஸ்காக் காலமே கொலைக் காலமானது. 17ஆம் நூற்றாண்டு போலந்தின் தாவீது ஹலேவி செகல், பொய்ப்பழிக்கு அஞ்சிச் சிவப்பைத் தவிர்க்கிறோம் என்று சட்ட உரையிலேயே எழுதினார். இவர்கள் முட்டையில் ஒரு ரத்தப்புள்ளி இருந்தால் எறிந்துவிடுபவர்கள். இறைச்சியை அரைமணி ஊறவைத்து, ஒரு மணி உப்பிட்டு, ரத்தத்தை வடித்த பிறகே சமைப்பவர்கள். மாவும் தண்ணீரும் தவிர உப்புக்கும் இடமில்லாத அப்பத்தின் மேல் அந்தப் பழி. தமிழிலும் அவ்வப்போது இந்தப் பொய் பகிரப்படுகிறது. கண்டால் மேலே மார்ச் 6 குறிப்பைக் காட்டுங்கள்.

2026 ஏப்ரல் 12, இரவு

பண்டிகை முடிந்தது, ஒமர் எண்ணிக்கை ஓடுகிறது. பஸ்காவின் இரண்டாம் இரவு தொடங்கி 49 இரவு, தினமும் நட்சத்திரம் வந்தபின் நின்றுகொண்டு ஆசியோடு நாளையும் வாரத்தையும் எண்ணவேண்டும். ஐம்பதாம் நாள் ஷாவுவோத் பண்டிகை, இந்த ஆண்டு மே 22. இரவில் மறந்தால் மறுநாள் பகலில் ஆசியில்லாமல் எண்ணி, அன்றிரவு முதல் பழையபடி தொடரலாம். ஒரு நாள் முழுவதும் தவறினால் மிச்ச நாட்களை ஆசியில்லாமல்தான் எண்ணவேண்டும்.

ஒரு பொறி உண்டு. இன்னும் எண்ணாதவரிடம் யாராவது "இன்று எத்தனை?" என்று கேட்டு, அவர் எண்ணைச் சொல்லிவிட்டால், அதுவே எண்ணியதாகிவிடும். பிறகு ஆசி கூற முடியாது. அதனால் முந்தைய நாளின் எண்ணைத்தான் சொல்லவேண்டும்.

கீழே ஒருவர் இன்று எத்தனை என்று கேட்டிருக்கிறார். நேற்று பத்து.